அஞ்சேல் என்று உயர்ந்த கை



தை பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் புதுமனை புகுவிழாப் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டி வரைக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலில் வாழைமரம் கட்டிய புதுவீடு ஒன்று நிற்கிறது. பால் காய்ச்சி முடிந்ததும் வீட்டுக்காரர் நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது முன்பெல்லாம் பூசை அறையும் சமையற்கட்டும். இப்போது ஹால் சுவரைத்தான் முதலில் காட்டுகிறார். டிவிக்குப் பக்கத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற புத்தர், ஃபைபரில் வார்த்துப் பொன்னிறம் பூசியது. எதிர்ச் சுவரில் சி.என்.சி. மிஷினில் வெட்டிய மரப்பலகை நடராசர், பின்னால் எல்.இ.டி. வெளிச்சம். மாடிப்படி ஏறும் சுவரில் தாமரைக்குளமும் யானைகளும் அச்சிட்ட வால்பேப்பர்.

சென்ற இதழைப் படித்துவிட்டு நெல்லிக்குப்பத்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மகன் ஆசையாக வாங்கிவந்த நடராசரையும் புத்தரையும் புதுவீட்டில் மாட்டலாமா கூடாதா என்று வீட்டுக்குள் பெரிய பேச்சாம். "ஆடுற சாமியை வீட்டுல வச்சா குடும்பம் ஆட்டங்கண்டு போயிடும்" என்கிறாராம் மாமியார். "பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுப் போனவரை எதுக்கு நடு ஹால்ல மாட்டணும்?" என்பது மாமனாரின் கேள்வி. இரண்டு படமும் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கின்றனவாம். "நீங்களாவது ஒரு வழி சொல்லுங்க ஐயா" என்று முடித்திருந்தார் அந்த அம்மா.

இது ஒரு வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை. பிரேம் கடைக்காரரிடமும், டைல்ஸ் கடைக்காரரிடமும், ஜோசியரிடமும் தினமும் யாராவது இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதிலாக வருவது பெரும்பாலும் திசையும் வாஸ்துவும். அந்த உருவம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்த இதழில் இந்தப் பக்கம் முழுவதையும் அந்த அம்மாவுக்கே ஒதுக்கிவிட்டேன்.

பதில் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவே இருக்கிறது நம் ஊர். நடராசர் திருவுருவத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று தமிழில் எழுதிவைத்தவர், பண்ருட்டியை ஒட்டியிருக்கும் திருவதிகைக்காரர். திருவதிகை மனவாசகங்கடந்தார் என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய ஆசிரியர் மெய்கண்டார், திருவெண்ணெய்நல்லூரில் இருந்து சிவஞானபோதத்தைத் தந்தவர். மாணவர் ஒவ்வொன்றாகக் கேட்க, ஆசிரியர் விடை சொல்வதாக அமைந்த சின்ன நூல் 'உண்மை விளக்கம்'. சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14-இல் அதுவும் ஒன்று. ஐந்தெழுத்தின் பொருள் என்ன, கூத்தின் பொருள் என்ன என்று ஒரு மாணவன் விடாமல் கேட்டுக்கொண்டே போகிற அந்த நடை எனக்கு மிகவும் பிடிக்கும். கேள்வி கேட்பவனை அந்த ஆசிரியர் ஓர் இடத்திலும் அதட்டுவதில்லை.

அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு மரப்பலகை நடராசரைப் பாருங்கள். அவருடைய வலப்புற மேல்கையில் உடுக்கை. நாம் எதிரே நின்று பார்ப்பதால் நமக்கு அது இடப்பக்கம் தெரியும். அந்த ஓசையிலிருந்துதான் உலகம் தோன்றுகிறது. இடப்புற மேல்கையில் தீ. தோன்றியதெல்லாம் ஒடுங்குவது அங்கே. வலப்புறக் கீழ்க்கை விரல்களை நிமிர்த்தி, உள்ளங்கையை நம் பக்கம் காட்டி நிற்கிறது. அஞ்சேல் என்கிற கை அது. காப்பது அதன் வேலை. ஊன்றிய வலக்கால் முயலகன் என்ற அசுரனின் முதுகில். அந்தக் காலில் மறைத்தல் நடக்கிறது. உயிர் பக்குவப்படும்வரை உண்மையை அதன் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருப்பதும் அருளின் ஒரு வகைதான் என்பது சித்தாந்தம். தூக்கிய இடக்கால் அருள், வீடுபேறு. நான்காவது கை யானைத் துதிக்கைபோல உடம்பின் குறுக்கே வந்து அந்தத் தூக்கிய காலைத்தான் காட்டுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தொழிலும் ஓர் உருவில்.

மாமியார் அம்மாவிடம் சொல்லுங்கள்: அவருடைய பயத்துக்கான பதில் அந்த உருவத்திலேயே இருக்கிறது. தீயும் ஆட்டமும் மட்டும் கண்ணில் பட்டால் அச்சமாகத்தான் இருக்கும். அதே உருவில் முன்னால் நீட்டியிருக்கும் கை, பயப்படாதே என்கிறது. பக்கத்துக் கை, பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. சலங்கை கட்டும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் காலங்காலமாக நடராசரை வைத்துக் கும்பிட்டுத்தான் ஆடத் தொடங்குகிறார்கள். தில்லையாகிய சிதம்பரத்துக்கு அருகிலேயே வாழ்கிற நாம் தில்லைக்கூத்தனை வீட்டுக்குள் விடப் பயப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாராளமாக மாட்டலாம்.

வாங்கும்போது மட்டும் ஒன்றைப் பாருங்கள். கடையில் சில பலகைகளில் வலது கால் தூக்கியிருக்கிறது, உடுக்கையும் தீயும் கைமாறியிருக்கின்றன. கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப்போட்டு வெட்டியதால் வந்த பிழை அது. கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில். அதற்குப் பாண்டியன் கேட்டுக்கொண்ட கதை தனியாக இருக்கிறது. மிஷின் மாற்றியதற்கு எந்தக் கதையும் கிடையாது. தூக்கியது இடக்கால்தானா என்று பார்த்து வாங்கினால் போதும்.

திருவதிகையில் எழுதிய அந்த விளக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் தந்தவர். 1897-இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை' மாத இதழை நடத்தியவர். அந்த இதழில் 1912-இல் நடராசர் கூத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர். தந்தை முத்துக் குமாரசுவாமி ஈழத்துத் தமிழர், தாய் ஆங்கிலேயப் பெண்மணி. அந்தக் கட்டுரையில் ஐந்தொழிலை விளக்க அவர் எடுத்துக்காட்டிய நூல்களில் ஒன்று நம் உண்மை விளக்கம். 1918-இல் நியூயார்க்கில் அது நூலாக வந்தபின்தான் மேல்நாட்டு ஓவியர்களுக்கும் அறிஞர்களுக்கும் நடராசர் உருவத்தின் பொருள் பரவலாகத் தெரியவந்தது. ஜெனீவாவில் அணுத்துகள் ஆய்வு நடக்கும் செர்ன் வளாகத்தில், இந்திய அரசு பரிசாகத் தந்த 2 மீட்டர் உயர நடராசர் சிலையை 2004 ஜூன் 18 அன்று திறந்துவைத்தார்கள். அதன் கீழே உள்ள பலகையில் பொறித்திருப்பதில் குமாரசுவாமியின் சொற்களும் உண்டு. கெடிலக்கரை மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி, ஒரு மாத இதழ் வழியாக, ஒரு தமிழர் கையால் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. பத்திரிகை நடத்துகிறவனாக இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சுவரில் சித்திரம் என்று பேச வந்துவிட்டால் தஞ்சைப் பெரிய கோயிலைத் தாண்டிப் போக முடியாது. அதிலும் நம் மாவட்டத்துக்கு உரிமை இருக்கிறது. கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில், நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் சித்திரங்கள் இருப்பதை 1931-இல் கண்டு சொன்னவர் எஸ். கே. கோவிந்தசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர் அவர். பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பிறகு இந்தியத் தொல்லியல் துறை மேலடுக்கு நாயக்கர் சித்திரங்களைச் சிதையாமல் தனியே பெயர்த்தெடுத்துக் காட்சிக்கு வைத்தது. கீழே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சுவர் வெளியே வந்தது.

அந்தச் சுவரில் இருப்பது என்ன தெரியுமா? ஓரிடத்தில் தில்லை அம்பலம். கூரை வேய்ந்த மன்றில் நடராசர் ஆட, அரசரும் தேவியரும் கைகூப்பி நிற்கிறார்கள். இன்னோரிடத்தில் சுந்தரர் கதை: கல்யாண வீட்டில் சமையல் நடந்துகொண்டிருக்கிறது, கிழவர் ஒருவர் கையில் ஓலையோடு வழக்குக்கு வந்துவிடுகிறார், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் கூடி அந்த ஓலையைப் பார்க்கிறார்கள். மூன்றாவது இடத்தில் திரிபுரம் எரித்த காட்சி. அது திருவதிகைத் தலக்கதை. தேரை ஓட்டுகிறவர் பிரமன். மயில்மேல் முருகன், மூஞ்சூறுமேல் பிள்ளையார், இன்னொரு பக்கம் காளி. எட்டுக் கையோடு வில்லேந்தி நிற்கும் சிவனின் கண்கள் அகன்று விழித்திருக்கின்றன. எதிரே அசுரர் கூட்டம். அவர்களுடைய பெண்கள் கணவன்மாரின் தோளைப் பற்றிக்கொண்டு அழுகிறார்கள். அசுரப் பெண்ணின் கண்ணீரையும் வரைய வேண்டும் என்று நினைத்த அந்தச் சித்திரக்காரரின் மனத்தை நான் வணங்குகிறேன். வென்றவரை மட்டும் வரைந்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

தில்லை, திருவெண்ணெய்நல்லூர், திருவதிகை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் மூன்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். சோழப் பேரரசின் பெரிய சுவர் ஒன்றில் நம்மைச் சுற்றியுள்ள ஊர்களே நிறைந்திருக்கின்றன என்பது இங்கே எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

இனிப் புத்தருக்கு வருகிறேன். அதற்கும் திருவதிகைக் கதையே வழிகாட்டுகிறது. முப்புரத்து அசுரர்கள் சிவபக்தியில் உறுதியாக இருந்ததால் அவர்களை வெல்ல முடியவில்லையாம். அவர்கள் மனத்தைத் திருப்பத் திருமால் புத்தர் வடிவம் எடுத்துப்போய்ப் போதித்தார் என்று புராணம் சொல்கிறது. மனம் மாறாத மூவரைச் சிவன் காத்தார். இருவர் வாயில் காவலரானார்கள், ஒருவர் குடமுழா வாசிப்பவரானார். பெரிய கோயில் விமானத்தின் படிக்கட்டுப் பக்கச் சுவரில் போதி மரத்தடியில் அமர்ந்த புத்தரின் சின்னச் சிற்பம் ஒன்று உண்டு. அது இந்தக் கதையைக் குறிப்பது என்று கொள்ளும் அறிஞர்கள் இருக்கிறார்கள். சிதம்பரத்திலும் சிவகாமியம்மன் சன்னிதி மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. மாணிக்கவாசகர் கதையும் அதில் வருகிறது. ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்களோடு தில்லையில் வாதிட்டு வென்று, பேசாதிருந்த இளவரசியை அவர் பேசவைத்ததாக மரபு.

ஆக, நம் பக்கத்துக் கதைகளில் புத்தர் பெரும்பாலும் எதிரணியில் நிற்கிறார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. சமயவாதிகள் மேடையில் மோதிக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் உளி பிடித்தவர்களும் தூரிகை பிடித்தவர்களும் ஒரே பட்டறையில் கற்றவர்கள். அவர்கள் கையில் இருந்த சின்னங்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தன. இதைத் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டுக் காமாட்சி விளக்கை எடுத்துப் பாருங்கள். பின்னால் எழும்பி நிற்கும் தகட்டில் தாமரைமேல் அமர்ந்த லட்சுமி, இரண்டு பக்கமும் துதிக்கை உயர்த்திய யானைகள். பழைய வீடுகளில் தலைவாசல் நிலைக்கு மேலே உள்ள பலகையிலும் அதே கஜலட்சுமிதான். மாமல்லபுரம் வராக மண்டபத்தில் பல்லவர் செதுக்கியதும் அதுவே. இன்னும் பின்னால் போனால், கி.மு. முதல் நூற்றாண்டில் சாஞ்சி ஸ்தூபியின் தோரண வாயிலில், பௌத்தர்களின் தலையாய இடத்தில், இதே அம்மை இதே யானைகளோடு அமர்ந்திருக்கிறாள். அங்கே அவளைப் புத்தரின் தாய் மாயாதேவி என்று படித்தவர்களும் உண்டு. புதுவீட்டு வாசலில் நாம் வைக்கும் நிறைகுடமும் அப்படித்தான். அமராவதி ஸ்தூபியின் கல்பலகைகளில் தாமரை பொங்கி வழியும் குடங்களைக் காணலாம். அமராவதிச் சிற்பங்களில் ஒரு பெரும் பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

முதலில் புத்தரை உருவமாகவே செதுக்கவில்லை. ஆளில்லாத ஆசனம், அரசமரம், சக்கரம், இரண்டு பாதச்சுவடு, இவ்வளவுதான். பார்க்கிறவர் அவரை மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். பூம்புகார் பல்லவனேசுவரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது புத்த விகாரத்தோடு அப்படியொரு புத்தபாதக் கல் கிடைத்தது. சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம், சீர்காழியைத் தாண்டினால் வந்துவிடும் இடம் அது. நாகப்பட்டினத்தில் 1006-ஆம் ஆண்டையொட்டி, ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரத்தை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழ அரசர் கொடுத்தார். 1856 தொடங்கி நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தச் செப்புத் திருமேனிகள் 300-க்கு மேல். அவற்றில் பலவற்றுக்குத் தலையுச்சியில் ஒரு தீச்சுடர் இருக்கிறது, ஞானத்தின் அடையாளம். இங்கே தமிழ்க் கைகள் வார்த்த புத்தரை ஹாலில் மாட்ட நாம் கூச்சப்பட வேண்டியதே இல்லை. மாமனார் ஐயாவுக்கு இதுதான் என் முதல் பதில்.

இரண்டாவது பதில் கைகளைப் பற்றியது. மடியில் ஒரு கைமேல் ஒரு கை இருந்தால் தியானம். இடக்கை மடியிலும் வலக்கை முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டபடியும் இருந்தால், அது கயையில் போதிமரத்தடியில் மாரன் தன்னைச் சோதித்தபோது பூமியைச் சாட்சிக்கு அழைத்த வேளை. நெஞ்சுக்கு நேரே இரு கை விரல்களும் கூடிச் சக்கரம் சுழற்றுவதுபோல் இருந்தால் சாரநாத்தில் முதன்முதலாக அறம் உரைத்த வேளை. உள்ளங்கையை நம் பக்கம் காட்டி வலக்கையை உயர்த்தியிருந்தால், இப்போது உங்களுக்கே தெரியும். எதிர்ச் சுவர் நடராசரின் கையும் அதுதான். தில்லையில் வாதிட்டுக்கொண்ட இரண்டு தரப்புக்கும் தலைவர்கள் மனிதரைப் பார்த்து உயர்த்திய கை ஒன்றே. இந்த ஒரு கைக்காகவே இரண்டு படத்தையும் ஒரே ஹாலில் மாட்டலாம் என்று அந்த அம்மாவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் தலையை மட்டும் மாட்டுவதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. கையும் இல்லை, மடியும் இல்லை, ஆசனமும் இல்லை. படிக்க வேண்டிய பாதிக்கு மேல் போய்விடுகிறது. தலை மட்டும் தனியாக அழகுப் பொருளானதற்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. கோயில்களை இடித்தவர்களும் சிலை கடத்தியவர்களும் தூக்க வசதியாகத் தலையை மட்டும் வெட்டிக்கொண்டு போனார்கள். அவை அருங்காட்சியகத்துக்கும் செல்வர் வீடுகளுக்கும் போய், அந்த வடிவமே ஒரு பாணியாகிவிட்டது. தாய்லாந்தின் அயூத்தியா 1767-இல் பர்மியப் படையால் அழிந்த நகரம். அங்கே தலையில்லாத புத்தர்கள் இன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அங்குள்ள மகாதாத் கோயிலில் ஒரு மரத்தின் வேர்கள் அணைத்துப் பிடித்த புத்தர் தலை ஒன்று இருக்கிறது. அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், தங்கள் தலை அதைவிட உயர்ந்துவிடாமல், தரையோடு குந்தி உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். தாய்லாந்திலும் இலங்கையிலும் புத்தரை வெறும் அலங்காரமாக்குவதைப் பலர் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

தலை போன கதை நமக்கும் தூரத்துக் கதை இல்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் கும்பிட்டு வந்த சிலை உண்டு. கழுத்தளவில் துண்டாகிப் பின்னால் ஒட்டவைத்த சிலை. அது யார் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி தொல்லியல் துறையினர் போய்ப் பார்த்தார்கள். தாமரைப் பீடம், அமர்ந்திருக்கும் விதம், மடியில் தியானக் கை, சுருள்முடி, நீண்டு தொங்கும் காதுமடல். இவற்றைக் கொண்டே அது புத்தர் என்று அறிக்கை தந்தார்கள். 2022 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கல்வெட்டோ ஓலையோ இல்லாதபோது, உருவத்தின் அடையாளங்களே சாட்சி சொல்லியிருக்கின்றன. புத்தர் கோயில்கள் பல இடங்களில் வேறு தெய்வங்களின் பெயருக்கு மாறின என்று மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' நூலில் எழுதியிருந்தார். அந்தக் காது ஏன் நீண்டது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: அரசகுமாரனாக இருந்த காலத்தில் கனமான காதணி அணிந்த காது. துறந்தபோது நகை போனது, தொங்கிய மடல் மிஞ்சியது. பாம்படம் போட்ட பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் புரியவைக்க ஆள் தேவையில்லை.

புத்தர் என்று சொல்லிக் கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிற, தொந்தியோடு சிரித்துக்கொண்டிருப்பவர் கபிலவஸ்துவிலிருந்து புறப்பட்ட கௌதமர் இல்லை. சீனத்தில் 10-ஆம் நூற்றாண்டில் துணிமூட்டையோடு அலைந்ததாகச் சொல்லப்படும் புடாய் என்ற துறவி. இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று அங்கே கொண்டாடுகிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல மனிதர்தான்.

மாமனார் ஐயாவுக்கு மூன்றாவதாக ஒன்று. நம் மாவட்டத்தில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியதைத் தங்கள் வாழ்வின் திருப்பமாக எண்ணுகிற குடும்பங்கள் அவை. அவர்களுக்குப் புத்தர் அழகுப் பொருள் இல்லை, வழிபாடு. அந்த வீட்டுக்காரர் நாளைக்கு உங்கள் ஹாலுக்கு வந்து உட்காரலாம். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது புத்தர் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயோ குளியலறைக் கதவுக்குப் பக்கத்திலேயோ இருந்துவிடக் கூடாது. திசையைவிட இதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். கண் உயரத்துக்குச் சற்று மேலே, காலடி படாத இடத்தில், முழு உருவமாக. எந்தச் சமயத்து உருவமானாலும் இதுதான் என் எண்ணம்.

இங்கே ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். காம்பவுண்டுச் சுவரில் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது, மாடிப்படி மூலையில் வெற்றிலை துப்பக் கூடாது என்பதற்காகப் பிள்ளையார், இயேசு, மெக்கா படம் போட்ட டைல்ஸை வரிசையாகப் பதிக்கிறார்கள். அசுத்தம் நடக்கும் இடத்தில் சாமியைக் காவலுக்கு நிறுத்துவது சரியில்லை. அந்த இடத்தில் ஒரு விளக்கும், ஊருக்குள் ஒரு நல்ல பொதுக் கழிப்பறையும் வைத்தால் வேலை நடக்கும்.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திருவதிகைக் கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் விறுவிறுவென்று கடந்துவிடாதீர்கள். இரு பக்கச் சுவரிலும் ஆடற்கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிதம்பரம் கோபுரங்களில் உள்ள 108 கரணங்களுக்கு உலகெங்கும் பெயர் கிடைத்துவிட்டது. திருவதிகைப் பெண்கள் அந்தப் பெயர் கிடைக்காமலே அதே வளைவோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் முழங்கால் மடிப்பும் விரல் நுனியும் நன்றாகத் தெரியும்.

அடுத்த இதழில் வாசகர் வீட்டுச் சுவர்களுக்கே நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பழைய வீட்டு நிலையில் கஜலட்சுமி இருந்தால், சுவரில் பாட்டன் காலத்துத் தஞ்சாவூர்ப் படமோ சிவகாசிக் காலண்டர்ப் படமோ கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால், செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். படத்தோடு மூன்று விவரம் வேண்டும்: எந்த ஊர், வீட்டுக்கு எப்போது வந்தது, செய்த தச்சர் அல்லது ஓவியர் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன நினைவிருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்கள் நிலைக்கதவை மரக்கடைக்குப் போடுமுன் எடுத்து அனுப்பினால் கூடுதல் நன்றி. மாசி பிறப்பதற்குள் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்